நாலாம் கட்டளையைத் தாண்டிப் போன அக்காவுக்கு

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கும், எனக்காக ஜெபித்தவர்களுக்கும், ஜெபம் என்ற சொல்லே பழக்கமில்லாமல் எனக்கு நல்லது நினைத்தவர்களுக்கும் ஸ்தோத்திரம், வணக்கம்.

ஞாயிறன்று ஞானஸ்நானத்தில் நனைந்த தலை இன்னும் காயாதது போலவே இருக்கிறது. வீட்டில் நடந்ததைத் திரும்ப எழுதப் போவதில்லை. கடலூரில் பாதிப் பேருக்கு அது தெரியும், மீதிப் பேருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதிலும் முதல் நன்றி நம் சபையைச் சேராத ஒருவருக்கு. ஆயர் ஐயா கோபித்துக்கொள்ள மாட்டார்.

புதுச்சேரியில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். தினமும் காலை பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் ஒரு அக்கா. நேரு வீதியில் துணிக்கடை வேலை. மூன்று வருடப் பழக்கம். ஜன்னலோரம் அவருக்கு, டிபன் பையை மடியில் வைக்கிற பொறுப்பு எனக்கு. ஞானஸ்நான வகுப்பில் சேர்ந்த பிறகு நான் வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டு வருவதைப் பார்த்துவிட்டு, ஒருநாள் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டார். “நீயே கேள்வி, நீயே பதில்னா எப்படி மண்டையில ஏறும்? நான் கேக்கறேன், நீ சொல்லு.”

அது சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் 1529-இல் எழுதிய சின்ன ஞானோபதேசம், பத்துக் கட்டளைகள் முதலானவற்றைக் கேள்வி பதிலாகச் சொல்லித்தரும் புத்தகம். கட்டளையைச் சொல்ல வேண்டும், உடனே ‘இதற்கு அர்த்தம் என்ன?’ என்று கேள்வி வரும். ஒவ்வொரு அர்த்தமும் தேவனுக்குப் பயந்து அவரில் அன்புகூர வேண்டும் என்றே தொடங்கும். “எல்லாத்துக்கும் ஒரே ஆரம்பமா? அப்ப பாதி மனப்பாடம் ஆயிடுச்சுன்னு வெச்சுக்க” என்றார் அக்கா. அவர் முஸ்லிம். ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். நோன்பு நாட்களில் நா வறண்டிருந்தபோதும் கேள்வியை மட்டும் விடவில்லை.

சீக்கிரமே பாடம் ஊர்களோடு ஒட்டிக்கொண்டது. பெண்ணையாற்றுப் பாலத்தில் முதல் கட்டளை. தவளக்குப்பம் வந்தால் நம் நம்பிக்கையை அறிக்கையிடும் விசுவாசப்பிரமாணம். சுண்ணாம்பாற்றில் கர்த்தருடைய ஜெபம். முருங்கப்பாக்கத்து நெரிசலில் ஞானஸ்நானப் பகுதி. இப்போதும் கண்டக்டர் ‘தவளக்குப்பம்’ என்று கத்தினால் எனக்கு ‘வானத்தையும் பூமியையும் படைத்த’ என்று வாயில் வந்துவிடுகிறது.

கன்னியக்கோயில் அருகில்தான் நாலாம் கட்டளை வரும். உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக. (வேறு சபைத் தோழி அதை ஐந்தாவது என்றாள். நாம் விக்கிரகத்தைப் பற்றிய வசனத்தை முதல் கட்டளையோடு சேர்த்து, இச்சையைப் பற்றியதைக் கடைசியில் இரண்டாகப் பிரிப்பதால் எண் மாறுகிறது என்று ஆயர் ஐயா விளக்கினார்.) எனக்கு அந்த இடத்தில் தொண்டை அடைக்கும். மறந்து போய் அல்ல. அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்த வாரங்கள் அவை. அவர் பேச்சை மீறி ஒன்றைச் செய்யப் போகிறவள் எந்த வாயால் அதைச் சொல்வது?

இரண்டு நாள் அக்கா என் முகத்தைப் பார்த்தார். மூன்றாம் நாள், மூன்றாம் கட்டளை முடிந்ததும் எச்சில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டி, நேராக ‘கொலை செய்யாதிருப்பாயாக’ என்று கேட்டார். நானும் பதில் சொன்னேன். பஸ் போய்க்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒரு மாதம் என் பாடத்தில் ஒன்பது கட்டளைகள்தான். ஏன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எத்தனையோ பேர் உட்கார வைத்துப் புத்தி சொன்னார்கள், இரண்டு பக்கத்திலிருந்தும். அந்தப் பக்கத்தைப் புரட்டிய விரல்தான் என்னைத் தாங்கியது.

சனிக்கிழமை காலை, கன்னியக்கோயிலில், புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: “நாளைக்குப் பரீட்சை. நாலாவதைச் சொல்லிடறியா?” சொன்னேன். அர்த்தத்தோடு முழுசாக. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மற்றவர்களையும் மறக்கவில்லை. முப்பத்தெட்டு வயதில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்க வெட்கப்பட்டபோது, நம் கடலூரில் பிறந்த ஆறுமுகம் 1718-இல் வாலிபனாக ஞானஸ்நானம் பெற்று ஆரோன் ஆனதையும், 1733-இல் இந்தியப் புராட்டஸ்டன்டுகளில் முதல் ஆளாகக் குருப்பட்டம் பெற்றதையும் சொல்லி என்னை நிமிர வைத்த ஆயர் ஐயாவுக்கு நன்றி. ஆனாலும் ‘நீ பேர் மாற்ற வேண்டாம், அப்பா வைத்த பேர் போதும்’ என்று அவர் சொன்னதற்குத்தான் இன்னும் பெரிய நன்றி. வெள்ளைச் சேலை எடுத்துத் தந்த ஆயரம்மா, சாட்சியாக நின்ற இருவர், கஞ்சி கொண்டுவந்த பெண்கள் சங்கத்தார், எதுவும் கேட்காமல் ஷிப்ட் மாற்றித் தந்த கடை முதலாளி, எல்லோருக்கும் நன்றி.

அப்பா ஆலயத்துக்கு வரவில்லை. வருவார் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் போன் வந்தது. எடுத்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்: “தலையத் தொவட்டினியா?” தேவனாம்பட்டினம் கடலில் இறக்கி முக்குவார்கள் என்று நினைத்துக்கொண்டு பகலெல்லாம் தவித்திருக்கிறார். மூணு கை தண்ணிதாம்ப்பா, என்றேன். “சரி சரி, சளி பிடிச்சுக்கப் போவுது” என்று வைத்துவிட்டார். அவ்வளவுதான் பேச்சு. அந்த அரை நிமிடத்தை எத்தனை தடவை ஓட்டிப் பார்த்திருப்பேனோ.

திங்கட்கிழமை பஸ்ஸில் அக்காவுக்குக் கேக் கொண்டுபோனேன். அவர் டிபன் பைக்கு அடியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து என் மடியில் போட்டார். எட்டாம் வகுப்பு சமூக அறிவியல். எனக்குக் கேள்வி கேட்டுக் கேட்டு எழுத்து பழகிவிட்டதாம், தனித்தேர்வராக எழுதப் போகிறாராம். தேர்வு முடிகிற வரை ஒரு நாள் விடாமல் கேள்வி கேட்பேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதற்குச் சபையார் நீங்கள் சாட்சி.

ரெட்டிச்சாவடி தாண்டுவதற்குள் ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டார். தள்ளிவிடட்டுமா என்றேன்.

“அதெல்லாம் வேணாம். மறுபடி கேளு.”