கரையில் எண்ணிய மீன்கள்

இரணைமாதாநகர்,
முழங்காவில்.

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் எல்லோரும் சுகம். அப்பா விடியப்புறம் நாலு மணிக்கே கடலுக்குப் போய்விட்டார். தங்கச்சி ரியூசனுக்குப் போய்விட்டாள். கட்டாரிலிருந்து நீ அனுப்பிய குரல்பதிவை நான் ஐந்தாறு தரம் போட்டுக் கேட்டுவிட்டேன். போனில் கதைத்தால் நடுவில் அழுதுவிடுவேன், நீயும் "சரி அம்மா, சரி அம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் கொப்பியில் எழுதுகிறேன். தங்கச்சி வந்ததும் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள்.

மூன்று வெள்ளிக்கிழமை தொடர்ந்து வேலை, பூசைக்குப் போகவில்லை என்றாய். 80 மூடை சீமெந்து வந்த இடத்தில் 100 என்று கையெழுத்துப் போடச் சொன்னார்கள், நீ போடவில்லை, அன்றிலிருந்து ஸ்டோரை விட்டு எடுத்து வெளியே யார்டில் நிற்க விட்டிருக்கிறார்கள் என்றாய். கடைசியில் ஒரு வசனம் சொன்னாயே ராசா, "நான் இப்ப பெயருக்குத்தான் வேதக்காரன் அம்மா" என்று. அதுதான் என்னை இரவு நித்திரை கொள்ள விடவில்லை.

அந்த 20 மூடையை நீ யாருக்காக எழுதாமல் விட்டாய்? நான் பார்க்கவில்லை, பங்குச் சுவாமியும் பார்க்கவில்லை. எழுதியிருந்தால் மேலே இருப்பவர்களுக்கும் சந்தோசம், உனக்கும் ஏசியடியில் கதிரை. அப்படி இருந்தும் உன் கை போகவில்லை. பெயருக்கு வேதக்காரனாய் இருப்பவனுக்குக் கை போயிருக்கும்.

யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தை எடுத்து ஒருதரம் வாசி. பேதுருவும் கூட இருந்தவர்களும் இரவு முழுக்கக் கடலில் நின்றும் ஒன்றும் படவில்லை. விடிய, கரையில் நின்ற ஆண்டவர் வலப்பக்கம் வலையைப் போடச் சொல்ல, இழுக்கவே முடியாத அளவுக்குப் பட்டது. கரைக்கு வந்தால் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக்கொண்டு, சாப்பிட வாருங்கள் என்று கூப்பிடுகிறார். இந்த வாசகத்துக்குப் பிரசங்கம் வைக்கும்போது எல்லோரும் பேதுருவைப் பற்றித்தான் சொல்வார்கள். எனக்கு எப்பவும் மனதில் நிற்பது வேறு ஒன்று. வலையில் பெரிய மீன் 153 என்று அதில் எழுதியிருக்கிறது. செத்து உயிர்த்த ஆண்டவர் பக்கத்தில் நிற்கிறார், அந்த நேரத்திலும் யாரோ ஒருவர் மணலில் குந்தியிருந்து ஒவ்வொரு மீனாய் எண்ணியிருக்கிறார். நூற்றைம்பது அளவில் என்று எழுதவில்லை. கரையில் பிறந்த எனக்கு அது விளங்கும். வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, போனவர்களுக்குப் பங்கு. சரியாய் எண்ணாவிட்டால் யாரோ ஒரு வீட்டுக்குக் குறையும். ஆண்டவரும் "நான் நிற்கிறேன், இப்ப என்ன கணக்கு" என்று கேட்கவில்லை. உன் ஸ்டோர் புத்தகத்தை நான் அப்படித்தான் நினைக்கிறேன், மகன்.

நேற்று கரையில் வாடிக் கொட்டிலில் ஆறு பெண்கள் இருந்து வலையிலிருந்து நண்டு கழற்றினோம். என் பக்கத்தில் இருந்த அக்காவின் வலையில் ஒரு சினை நண்டு. வயிற்றுக்கடியில் முட்டை மஞ்சள் பஞ்சு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. நல்ல நிறை, எடைக்குப் போட்டால் காசு. அவவுக்கோ இந்த மாதம் கடன் கட்டக் காசில்லை, அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு காலும் முறியாமல் நூலை ஒவ்வொன்றாய் விலக்கிக் கழற்றினா, எழும்பிப் போய் முழங்கால் தண்ணீரில் விட்டா, வந்து இருந்து அடுத்த வலையை எடுத்தா. யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அவவும் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பின்வாங்கில் இருக்கிற மனுசி அவ.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றையும் எழுதுகிறேன். சண்டை முடிந்து முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பி வந்து, 2011ஆம் ஆண்டு. மாதர் சங்கத்தின் சேமிப்புக் காசு என் கையில் இருந்தது. தங்கச்சிக்கு நெருப்புக் காய்ச்சல், வீட்டில் ஒரு சதம் இல்லை. 1500 ரூபா எடுத்தேன். பிறகு வைத்துவிடலாம் என்றுதான் எடுத்தேன், ஆனால் கொப்பியில் எல்லாம் சரி என்று எழுதி வைத்தேன். எடுத்ததை விட அந்த "சரி"தான் என்னைத் தின்றது. இரண்டு ஞாயிறு நற்கருணை எடுக்கப் போகாமல் இருந்தேன். மூன்றாவது கிழமை கூட்டத்தில் எழும்பி நின்று சொன்னேன். கால் நடுங்கியது. ஒரு வயதான அம்மா, "கேட்டிருந்தால் நாங்களே தந்திருப்போமே பிள்ளை" என்றா. அவ்வளவுதான். நண்டு கழற்றி மூன்று மாதத்தில் கட்டி முடித்தேன். பொய்க் கணக்கு எழுதின கையின் பாரம் எனக்குத் தெரியும், ராசா. அதனால்தான் நீ எழுதாமல் விட்டதைக் கேட்டு முழங்காலில் இருந்து நன்றி சொன்னேன்.

திருமுழுக்கு யோவானிடம் சனங்கள் வந்து "நாங்கள் என்ன செய்யவேண்டும்" என்று கேட்டது லூக்காவில் மூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறது. வனாந்தரத்தில் இருந்தவர், எங்களோடு வந்து இருங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டு அங்கி இருந்தால் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடு என்றார். வரி வாங்குகிறவனிடம், குறித்ததற்கு மேல் வாங்காதே என்றார். படைவீரனிடம், ஒருவரையும் வெருட்டிக் காசு பறிக்காதே, பொய்க்குற்றம் சொல்லாதே, உன் சம்பளம் போதும் என்று இரு என்றார். ஒருவரையும் வேலையை விடச் சொல்லவில்லை. உன்னிடமும், ஸ்டோரை விட்டுவிட்டு வா என்று அவர் சொல்லமாட்டார். வந்த மூடையை எழுது என்பார்.

இனி, கையெழுத்துப் போடச் சொன்ன அந்த மேலாளரிடம் எப்படி நடப்பது என்று கேட்டாய். அறையில் இருந்து அவரைப் பற்றிக் கதைத்துத் திரியாதே. நான் நேர்மையானவன் என்று மற்றவர்களுக்குக் காட்டவும் போகாதே. திரும்பக் கேட்டால், "வந்தது இவ்வளவு சேர், மிச்சம் வந்ததும் எழுதித் தருகிறேன்" என்று மரியாதையாய்ச் சொல். சாமான் இறக்கின திகதி, லொறி நம்பர், எண்ணிக்கை எல்லாம் உன் சின்னக் கொப்பியிலும் எழுதி வை. பாம்பைப் போல் விவேகமாய் இருக்கச் சொன்னவரும் ஆண்டவர்தான். இன்னொன்று, கோடையில் காலை 10 மணியிலிருந்து பின்னேரம் 3.30 வரை வெளியில் வேலை வாங்கக்கூடாது என்று கட்டாரில் சட்டம் இருக்கிறது. ஆண்டவருக்காகத் தாங்குகிறேன் என்று அந்த வெயிலில் நிற்காதே. நிழலுக்குப் போக உனக்கு உரிமை இருக்கிறது, போய்த் தண்ணீர் குடி. அந்த மனிதருக்காகவும் ஒரு பரலோக மந்திரம் சொல். அவருக்கும் எங்கேயோ பிள்ளைகள் இருக்கும்.

பூசை விஷயம். வெள்ளிக்கிழமைப் பூசையை அங்கே ஞாயிற்றுப் பூசைக்குச் சமமாய் எடுப்பார்கள், கிழமை நாட்களில் பின்னேரமும் பூசை இருக்கு என்று போன புதிதில் நீயே சொன்னாய். எந்த நாள் நேரத்தோடு விடுகிறார்களோ அன்றைக்குப் போ. டோகாவில் இருப்பதும் செபமாலை மாதா கோவில், எங்கள் சொந்த ஊர் இரணைதீவில் இருப்பதும் செபமாலை மாதா கோவில். அந்த வாசலில் போய் நின்றால் நீ வீட்டுக்கு வந்த மாதிரித்தான். போகவே முடியாத கிழமை வந்தால் மனம் விடாதே. ஒல்லாந்தர் காலத்தில் எங்கள் சனத்துக்குப் பூசை வைக்கவே விடவில்லை. ஒளித்து வீட்டுக்குள் செபம் சொல்லித்தான் பிள்ளைகளுக்கு வேதத்தைக் கொடுத்தார்கள். 1687இல் யோசேவ் வாஸ் சுவாமி கூலியாளைப் போல உடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது, அந்தச் செபம் அணையாமல் இருந்தது. 2015 தை 14, மடுவில் பாப்பரசரைப் பார்க்க வெயிலில் நின்றோமே, அன்று காலையில்தான் கொழும்பில் யோசேவ் வாஸ் சுவாமியைப் புனிதராக்கினார்கள். காலையில் வேலைக்குப் போகும் பஸ்ஸில் செபமாலையில் ஒரு பத்து மணி சொல். நித்திரை வந்தால் வரட்டும், மாதா கோபிக்கமாட்டா.

அறையில் இருக்கும் வங்காளதேசத்துத் தம்பி நோன்பு பிடிக்கிறான் என்றாய். நோன்பு முடியும் வரைக்கும் பின்னேரம் பாத்திரம் கழுவுகிற முறையை நீ எடு. அவன் திறக்கிற நேரத்துக்குத் தண்ணீரும் பேரீச்சம்பழமும் எடுத்து வை. வேதம் வேறு என்று தள்ளி இராதே. 2009இல் கடைசிச் சண்டை நேரம், மாத்தளனில் நீ பதினொரு வயதுப் பிள்ளை. பக்கத்துப் பங்கரில் ஒரு சைவக்கார அம்மா. ஒரு பேணிக் கஞ்சி, அவவுக்கு இரண்டு பேரப்பிள்ளைகள். அதில் ஒரு கோப்பையை எடுத்து, நெற்றியில் திருநீறோடு குனிந்து உன் வாயில் பருக்கினா. நீ இன்னும் கேட்டாய். பேணியைக் கவிழ்த்து அடியில் இருந்ததையும் ஊற்றினா. இரண்டு அங்கி உள்ளவன் ஒன்றைக் கொடுக்கட்டும் என்றுதான் வேதத்தில் இருக்கிறது, அவவிடம் ஒன்றுதான் இருந்தது. அவ தப்பினாவா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஒவ்வொரு நாளும் இரவுச் செபத்தில் அவவை நினைக்கிறேன். நீயும் நினை.

எப்ப இதெல்லாம் மாறும் என்று கேட்கிறாய். 1992இல் சண்டையால் தீவை விட்டு வரும்போது எனக்குப் பதினேழு வயது. சில மாதத்தில் திரும்பலாம் என்று அம்மம்மா கோழிக்கூட்டைக் கூடப் பூட்டிவிட்டு வந்தா. தீவுக்குத் திரும்ப விடச் சொல்லி 2017 மே முதலாம் திகதி போராட்டப் பந்தலில் போய் இருந்தோமே, ஒரு வருஷம் கிட்ட. அந்த நாட்களில் நாங்கள் செய்தது என்ன என்று நினைத்துப் பார். சமையல் முறை வைத்துச் சமைத்தோம், முறைக்கு முறை பந்தலில் இருந்தோம், செபமாலை சொன்னோம், காலையில் வழமைபோல நண்டும் கழற்றினோம். 2018 சித்திரை 23 வள்ளங்களில் வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டு தீவுக்குப் போனபோது நீயும் அணியத்தில் நின்றாய். கரை ஏறினதும் எல்லோரும் முதலில் நடந்தது கோவிலுக்கு. அந்தத் தரையில் முழங்கால் போட்டபோது நான் அம்மம்மாவைத்தான் நினைத்தேன். அவ பார்க்காமல் போய்விட்டா. கண் மூடும் வரைக்கும் அவ ஒரு நாளும் பின்னேரச் செபத்தை விட்டதில்லை.

காசு அனுப்புவது இந்த மாதம் குறைந்தால் குறையட்டும். கடை அரிசி இருக்கிறது, அப்பாவுக்குத் தொழிலும் பரவாயில்லை. அறையில் யாருக்கும் வட்டிக்குக் கொடுக்காதே. கடன் கொடுத்தவர்கள் பொழுது படும் வரை வாசலில் குந்தியிருந்தால் ஒரு வீடு எப்படி இருக்கும் என்று இந்த ஊரில் பார்த்திருக்கிறாய். கொடுக்க முடிந்தால் கைமாற்றாய்க் கொடு, முடியாவிட்டால் இல்லை என்று சொல்.

லீவில் வந்து நிற்கிற கீழ்த்தெருத் தம்பி அடுத்த கிழமை திரும்ப அங்கே வருகிறார். அவரிடம் பாரைக் கருவாடும், மிளகாய்த்தூளும், அம்மம்மாவின் பழைய செபமாலையும் கொடுத்துவிடுகிறேன். செபமாலையின் சிலுவை கழன்றிருந்தது, அப்பா வலைநூலால் கட்டித் தந்திருக்கிறார். கருவாட்டை நீ மட்டும் வைத்துச் சாப்பிடாதே, அந்த நோன்புத் தம்பிக்கும் பொரித்துக் கொடு. எட்டுத் துண்டு வைத்திருக்கிறேன், எண்ணிப் பார்.

வள்ளச் சத்தம் கேட்கிறது, அப்பாவாய்த்தான் இருக்கும். நான் கரைக்குப் போகிறேன்.

அன்புடன்,
அம்மா