செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் இந்த ஆண்டு தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் சொல்ல வேண்டியது பெரும்பாலும் ஒரே விஷயம்தான்: கேம் செய்யக் கற்றுத்தரும் நம் பயிற்சி வகுப்புக்கு எந்த கேம் என்ஜினை, அதாவது கேமை உருவாக்க உதவும் மென்பொருளை, வைத்துக்கொள்வது என்பது. யூனிட்டி, அன்ரியல், கோடோ என்ற மூன்றில் நாம் கோடோவை எடுத்துக்கொண்டோம்.

பேச்சு காசில் தொடங்கியது. குறிப்பிட்ட வருமானத்தைத் தாண்டிய கேம்களுக்கு ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் இவ்வளவு என்று கட்டணம் உண்டு என யூனிட்டி 2023 செப்டம்பரில் அறிவித்து, சரியாக ஓராண்டு கழித்துக் கைவிட்டது. அன்ரியலில் ஒரு கேம் 10 லட்சம் டாலர் ஈட்டும்வரை ராயல்டி கிடையாது. நம்மில் யாரும் அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட இல்லை. ஆனாலும் வேலை முடிந்து வந்து ராத்திரி ராத்திரியாக மூன்று வருடம் ஒரு கேமைச் செய்கிறவருக்கு, நடுவில் விதி மாறிவிடுமோ என்ற பயம் இருக்கக் கூடாது. கோடோவில் அது இல்லை. 2014 முதல் எம்ஐடி உரிமத்தில், அதாவது யாரும் இலவசமாகப் பயன்படுத்தவும் மாற்றவும் விடும் உரிமத்தில், மூல நிரலோடு கிடைக்கிறது. இன்று இறக்கிக்கொண்ட பதிப்பு என்றைக்கும் நம் கையில் இருக்கும்.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது தமிழ் எழுத்து. 'கொக்கு' என்று தட்டினால் கணினியில் முதலில் பதிவாவது ககரம். திரையில் கொம்பு அதற்கு முன்னால் போக வேண்டும், கால் பின்னால் வர வேண்டும். இதைக் கோத்துத் தரும் வசதி கோடோ 3 வரிசையில் இல்லை. 2023 மார்ச்சில் வந்த 4.0-இல், எழுத்துகளை இப்படிக் கோத்துத் தரும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் சேர்ந்தபின் கொம்பு தன் இடத்தில் நிற்கிறது. சொல் விளையாட்டு செய்ய ஆசைப்பட்ட உறுப்பினர்கள் அன்று முகம் மலர்ந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

ஒரு பாடமும் கற்றோம். கண்காட்சிக்கு முந்தின நாள் ஒரு உறுப்பினர் தன் கேமை பிரவுசரில் திறந்தால், தமிழ் முழுக்கக் கட்டம் கட்டமாக வந்தது. அவருடைய லேப்டாப்பில் ஒழுங்காகத் தெரிந்ததற்குக் காரணம், அதில் இருந்த தமிழ் எழுத்துருவை கோடோ தானாக எடுத்துக்கொண்டதுதான். பிரவுசரில் அப்படி எடுக்க வழியில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துருவின் கோப்பை ப்ராஜெக்டுக்குள்ளேயே வைத்து, கேமின் தோற்றத்தைச் சொல்லும் தீமில் அதைக் குறித்ததும் சரியாகிவிட்டது. இனி வகுப்பின் முதல் நாளே இதைச் செய்யச் சொல்கிறோம்.

அப்புறம், பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் ப்ராஜெக்டைத் தொடங்கும்போதே 'கம்பேட்டிபிலிட்டி' ரெண்டரரை, அதாவது பழைய கணினியிலும் ஓடும்படி படம் வரையும் முறையை, தேர்ந்தெடுங்கள். நிரல் எழுதும் மொழி, கோடோவுக்கே உரிய ஜிடிஸ்கிரிப்ட்தான். கோடோ 4-இல் சி ஷார்ப் என்ற இன்னொரு மொழியில் எழுதியதை பிரவுசருக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. நம் கேம்களை எல்லோரும் ஆடிப் பார்ப்பதோ அங்கேதான்.

யூனிட்டியிலும் அன்ரியலிலும் பாதி தூரம் வந்துவிட்டவர்கள் மாற வேண்டாம். கேம் ஸ்டுடியோவில் வேலை தேடும் தம்பி தங்கைகளுக்கு அந்த இரண்டில் ஒன்றாவது தெரிந்திருப்பது நல்லது. பிளேஸ்டேஷன் போன்ற கன்சோலில் வெளியிட நினைப்பவர்களும் யோசித்துக்கொள்ளுங்கள்: கன்சோல் நிறுவனங்களின் நிரல்கள் ரகசியமானவை என்பதால் கோடோவிலிருந்து நேரடி வழி இல்லை, வெளியார் மூலம்தான் போக வேண்டும்.

வகுப்புக்கு இடமும் மின்சாரமும் தந்த உறுப்பினருக்கும், பாடக் குறிப்புகளைத் தமிழில் எழுதிய மூவருக்கும் சங்கத்தின் நன்றி. வரும் ஆண்டும் கோடோ 4-லேயே வகுப்பைத் தொடர அனுமதி கேட்டு, இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்