பொருள்: 400 என்று அச்சிட்ட டைட்டானியம் ஸ்பிரிங், அளந்தால் 450 வருவது குறித்து

வாடிக்கையாளர் சேவைப் பிரிவினருக்கு,

வணக்கம். போன மாதம் உங்களிடம் என் மவுண்டன் பைக்கில் பின் சக்கர அதிர்வைத் தாங்கும் ரியர் ஷாக்குக்காக ஒரு டைட்டானியம் காயில் ஸ்பிரிங் வாங்கினேன். அதன் மேல் 400 என்று அச்சிட்டிருக்கிறது. அதாவது ஒரு அங்குலம் அமுக்க 400 பவுண்டு வேண்டும் என்ற ஸ்பிரிங் ரேட். ஆனால் அது 400 இல்லை. இதைப் பற்றி ஏற்கெனவே இரண்டு முறை எழுதிவிட்டேன். இரண்டு முறையும் "பிரீலோடைக் குறைத்துப் பாருங்கள்", அதாவது ஸ்பிரிங்கை மாட்டும்போதே அமுக்கி வைக்கும் இறுக்கத்தைக் குறையுங்கள், என்ற பதில்தான் வந்தது. அதனால் இந்த முறை நடந்ததை முழுதாக எழுதுகிறேன். தயவுசெய்து ஸ்பிரிங் விஷயம் தெரிந்த ஒருவர் கையில் இதைக் கொடுங்கள்.

400 என்ற எண்ணை நான் குத்துமதிப்பாகத் தேர்ந்தெடுக்கவில்லை. என் பைக்கின் பின் சக்கரத்துக்கு 170 மி.மீ. டிராவல் (மேலும் கீழும் நகரும் தூரம்), ஷாக் 230-க்கு 65, அதாவது நீளம் 230 மி.மீ., அமுங்கும் தூரமான ஸ்ட்ரோக் 65 மி.மீ. 170-ஐ 65-ஆல் வகுத்தால் லெவரேஜ் ரேஷியோ சராசரியாக 2.6. உங்கள் தளத்தில் உள்ள கணக்குப் பெட்டி எடையையும் டிராவலையும் மட்டும் கேட்கிறது, ஷாக்கின் ஸ்ட்ரோக்கைக் கேட்பதே இல்லை. ஒரே 170 மி.மீ. டிராவலுக்கு 60 ஸ்ட்ரோக் ஷாக் போட்ட பைக்கும் இருக்கிறது, 65 போட்டதும் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே ஸ்பிரிங் எப்படிப் பொருந்தும்? அதனால் நான் அதை நம்பவில்லை. முதலில் விலை குறைவான ஸ்டீல் ஸ்பிரிங்குகளில் 375, 400, 425 மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு ஓட்டினேன். 375 போட்டால் சின்னக் குதிப்புக்கே ஷாக் அடிவரை போய் இடித்தது. 425-இல் வேர்களும் கற்களும் நிறைந்த இறக்கத்தில் பின் சக்கரம் தரையில் நிற்கவில்லை. 400 சரியாக இருந்தது. ஒரு சீசன் முழுக்க அதில்தான் ஓட்டினேன். அப்புறம்தான், என் எண் இதுதான் என்று உறுதியான பிறகுதான், டைட்டானியத்துக்குக் காசு செலவழிக்கத் துணிந்தேன்.

உங்கள் பொருளின் நல்லதையும் சொல்லிவிடுகிறேன். எடையில் நீங்கள் பொய் சொல்லவில்லை. என் ஸ்டீல் ஸ்பிரிங் 500 கிராம், உங்களுடையது 310 கிராம். பூச்சு, முனைகளைத் தீட்டிய விதம் எல்லாமே அழகு. உள்விட்டம் என் ஷாக்கில் அப்படியே உட்கார்ந்தது. ஸ்பிரிங்கின் ஸ்ட்ரோக்கும் ஷாக்கின் 65-ஐவிடக் கூடுதலாக இருப்பதால், முழுதாக அமுங்கினாலும் சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டாது. எல்லாவற்றிலும் இவ்வளவு கவனம் எடுத்தவர்கள் அந்த ஒரு எண்ணில் கோட்டைவிட்டதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மாட்டிய அன்றே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. எவ்வளவு அமுங்கியது என்று காட்டும் ஓ-ரிங் என் காயில் ஷாக்கில் கிடையாது என்பதால், ஹெல்மெட், பை, தண்ணீர் எல்லாவற்றோடும் நான் ஏறி நிற்க, நண்பர் ஷாக்கின் இரண்டு கண்களுக்கும் (முனைகளில் போல்ட் மாட்டும் துளைகளுக்கும்) இடையே டேப்பால் அளந்தார். ஸ்டீல் 400-இல் 230 மி.மீ. 210 ஆகும், அதாவது 20 மி.மீ. சேக் (என் எடைக்கு ஷாக் அமுங்கும் அளவு), ஸ்ட்ரோக்கில் ஏறக்குறைய 31 சதவீதம். உங்கள் 400-இல் 17.5 மி.மீ.தான் இறங்கியது, 27 சதவீதம். இரண்டிலும் பிரீலோட் ஒரே ஒரு சுற்று. முன்பு ஸ்டீல் 425-இல் எனக்கு வந்த சேக்கூட 19 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு, அவ்வளவுதான். அப்படியானால் உங்கள் 400, அந்த 425-ஐவிடக் கடினம். ஷாக் திரும்பி எழும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரீபவுண்டை இரண்டு கிளிக் இறுக்கிய பிறகும் குதித்து இறங்கும்போது பின்பக்கம் என்னைத் தூக்கிப் போட்டது. நாலு நாள் ஓட்டியும் ஷாக் ஒரு முறைகூடக் கடைசிவரை அமுங்கவில்லை.

சேக்கில் கை தவறியிருக்கலாம் என்று நீங்கள் சொல்லக்கூடும். எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. அதனால் ஒரு பட்டறையில் டிரில் ஸ்டாண்டின் அடியில் டிஜிட்டல் எடை மெஷினை வைத்து, இரண்டு ஸ்பிரிங்கையும் தனித்தனியாக அமுக்கிப் பார்த்தோம். முனைச் சுற்றுகள் சரியாகப் படியும் வரை வரும் தொடக்க அளவை நம்ப முடியாது என்பதால் முதல் 5 மி.மீ.ஐக் கணக்கில் சேர்க்கவில்லை. 5-இலிருந்து 15 மி.மீ. வரை அமுக்கும்போது ஸ்டீலில் எடை 71 கிலோ கூடியது. அதை அங்குலத்துக்குப் பவுண்டாக மாற்றினால் 398 வருகிறது. உங்களுடையதில் 80 கிலோ கூடியது, அதாவது 448. மூன்று முறை செய்தோம். ஒரு கிலோ தவறினாலும் 6 பவுண்டுக்கு மேல் மாறாது. ஐம்பது பவுண்டு மாற வழியே இல்லை.

உங்கள் முதல் பதிலில் "டைட்டானியத்தின் உணர்வே வேறு, பழகிவிடும்" என்று எழுதியிருந்தீர்கள். எந்த உலோகமாக இருந்தாலும் ரேட் 400 என்றால் 400தான். டைட்டானியத்தின் விறைப்பு ஸ்டீலில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அதனால்தான் அதே ரேட்டைக் குறைந்த சுற்றுகளில் கொண்டுவர முடிகிறது, எடையும் குறைகிறது. ஆனால் கம்பியின் விட்டம் துளி கூடினாலும் ரேட் தாறுமாறாக ஏறும், ஏனென்றால் ரேட் அந்த விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. விட்டம் 3 சதவீதம் கூடினாலே ரேட் 12 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். இந்த ஸ்பிரிங்கில் நடந்தது இதுதானா என்பதை நீங்கள்தான் அளந்து சொல்ல வேண்டும்.

பிரீலோடைக் குறைக்கச் சொன்னதையும் ஏற்க முடியவில்லை. பிரீலோட் ஸ்பிரிங் எங்கிருந்து தொடங்குகிறது என்பதை மட்டுமே மாற்றும், ரேட்டைத் தொடாது. நான் வைத்திருப்பதே ஒரு சுற்று. அதையும் விட்டால் சக்கரம் காற்றில் இருக்கும்போது ஸ்பிரிங் இருக்கையில் தளர்ந்து கடகடவென்று ஆடும்.

இப்போது உங்கள் திருப்பி எடுக்கும் விதிக்கு வருகிறேன். ஒரு முறை மாட்டிய டைட்டானியம் ஸ்பிரிங்கைத் திருப்பி எடுக்க மாட்டீர்கள் என்று இருக்கிறது. காரணம் எனக்குப் புரிகிறது. டைட்டானியத்தில் சின்னக் கீறல் விழுந்தாலும் அங்கிருந்து விரிசல் தொடங்கலாம். கீறல் பட்டதை அடுத்தவருக்கு விற்கக் கூடாது. ஆனால் மாட்டாமல் அதன் ரேட் எனக்கு எப்படித் தெரியும்? பார்த்தால் தெரிவதற்கு அது நிறமா? மேலே அச்சிட்ட எண்ணை நம்பித்தானே மாட்டினேன். அந்த எண் தவறாக இருந்தால், மாட்டிய குற்றம் என்னுடையது ஆகாது. பத்து நாட்களுக்கு மேல் அதில் ஓட்டவும் இல்லை, ஒரு கீறலும் இல்லை. எல்லாப் பக்கத்தையும் எடுத்த படங்களை இணைத்திருக்கிறேன். அளந்தபோது எடுத்த வீடியோவும் இருக்கிறது.

"இது ஏற்கத்தக்க வேறுபாடுதான்" என்று இரண்டாவது பதிலில் சொன்னீர்கள். எவ்வளவு வரை ஏற்கத்தக்கது என்று உங்கள் தளத்திலும் இல்லை, பெட்டியிலும் இல்லை. நீங்களே 25 பவுண்டு இடைவெளியில் ஸ்பிரிங் விற்கிறீர்கள். 400 கேட்டவருக்கு 450 தருவது, நடுவில் 425-ஐத் தாண்டி இரண்டு படி மேலே போவது. 12 சதவீத வித்தியாசம் ஏற்கத்தக்கது என்றால் அந்த இடைவெளிகளுக்கு அர்த்தமே இல்லை.

நான் கேட்பது இது. 395-க்கும் 405-க்கும் இடையே வரும் ஒரு ஸ்பிரிங்கை நீங்களே அளந்து, அந்த அளவை எழுதிக்கொடுத்து மாற்றித் தாருங்கள். அப்படி ஒன்று கையிருப்பில் இல்லை என்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். அனுப்பும் செலவும் உங்களுடையதாக இருக்க வேண்டும். இனி விற்கும் ஒவ்வொரு ஸ்பிரிங்கிலும் அளந்த ரேட்டை அச்சிட்டால் நல்லது. இந்த விலைக்கு அதைச் செய்யலாம்.

ஸ்பிரிங்கைத் துணியில் சுற்றி உங்கள் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு வாரத்துக்குள் தெரிவியுங்கள். அதுவரை பழைய ஸ்டீல் 400-ஐத்தான் மாட்டி ஓட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்