தீர்ப்பு வந்தும் சம்பளம் வரவில்லை

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

அரபு நாடுகளின் உரிமையியல் நீதிமன்றங்கள் வெளிநாடுகளின் துணையோடு நவீனமாகி வருவது குறித்த தங்கள் கட்டுரையைப் படித்தேன். வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால் இந்த ஒத்துழைப்பால் இதுவரை அதிகம் பயனடைந்தவர்கள் யார் என்பதையும் பேசியாக வேண்டும்.

துபாய் சர்வதேச நிதி மையத்துக்கென 2004இல் தனி நீதிமன்றம் வந்தது. விசாரணை ஆங்கிலத்தில்; பிரிட்டன், சிங்கப்பூர், மலேசியாவிலிருந்தெல்லாம் நீதிபதிகள். முதலீட்டாளர்களுக்கு நம்பிக்கை வந்தது. இந்தியாவும் அமீரகமும் 1999இல் நீதித்துறை ஒப்பந்தம் செய்துகொண்டன. 2020 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கைக்குப் பிறகு, அமீரக நீதிமன்றத்தின் தீர்ப்பாணையை நம் மாவட்ட நீதிமன்றத்திலேயே நிறைவேற்றக் கோரலாம். அங்கே கடன் வாங்கிவிட்டு ஊர் திரும்பியவரை வங்கி இங்கேயே பிடித்துவிட முடியும்.

சம்பளப் பாக்கிக்காக அலைகிறவருக்கு இப்படி ஒரு வழி இல்லை. வளைகுடாவில் வழக்குப் போட்டு வென்று, விசா முடிந்து வந்துவிட்ட எங்கள் ஊர்க்காரர் ஒருவர் தீர்ப்பு நகலை என்னிடம் காட்டினார். முழுக்க அரபி. வரவேண்டிய தொகையை மட்டும் யாரோ ஓரத்தில் பேனாவால் எழுதிக் கொடுத்திருந்தார்கள். கம்பெனியின் சொத்து அங்கே இருப்பதால், தீர்ப்புப்படி பணத்தை வசூலிக்கப் போடும் நிறைவேற்று மனுவையும் அங்கேதான் நடத்தியாக வேண்டும். வக்கீல் வைக்க அவரிடம் பணம் ஏது?

மனமிருந்தால் செய்யலாம் என்பதற்குக் கத்தாரே சாட்சி. சர்வதேச தொழிலாளர் அமைப்போடு 2017இல் உடன்பாடு செய்த அந்நாடு, அதே ஆண்டு நீதிபதி தலைமையிலான தொழிலாளர் தகராறு தீர்வுக் குழுக்களுக்குச் சட்டம் கொண்டுவந்தது. மூன்று வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. முதலாளி கைவிரித்தால் பாக்கியைக் கொடுக்க 2018இல் தனி நிதியும் சட்டமானது. தாமதம் பற்றிய புகார்கள் உண்டு. ஆனாலும் தொழிலாளி கையில் பணம் சேர வேண்டும் என்று யோசித்திருக்கிறார்கள். அபுதாபி 2019இல் அரபி, ஆங்கிலத்தோடு இந்தியையும் நீதிமன்ற மொழியாகச் சேர்த்தது, அதுவும் தொழிலாளர் வழக்குகளை மனதில் வைத்து. நல்ல முடிவு. ஆனால் திருவாரூர் கொத்தனாருக்கு இந்தியில் நீட்டும் படிவத்தால் என்ன பயன்?

வளைகுடா நாடுகளுடனான அடுத்த பேச்சுவார்த்தையில் மத்திய அரசு தமிழ், மலையாளம், தெலுங்குப் படிவங்களைக் கேட்க வேண்டும். ஊர் திரும்பியவர் காணொளி வழியாகவே நிறைவேற்று மனுவை நடத்தவும், தூதரகம் மூலம் வக்கீல் அமர்த்தவும் ஏற்பாடு வேண்டும். அயலகத் தமிழர் நலத்துறை இதை தில்லிக்கு எழுத்து மூலம் வலியுறுத்துமா?

இப்படிக்கு,
வாசகர்,
முத்துப்பேட்டை