மலையில் சொன்ன எச்சரிக்கையை எங்களுக்குத் தமிழில் சொல்லுங்கள்

திருகோணமலையிலிருந்து கேதார்நாத், பத்ரிநாத் யாத்திரைக்கு ஆட்களை அழைத்துப் போகும் ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. கோணேசர் கோயிலுக்குப் படியேறவே மூச்சு வாங்கும் எங்கள் தாய்மாரை 3,583 மீட்டர் உயரத்துக் கேதாரம் வரை கூட்டிப் போய்த் திருப்பிக் கொண்டுவருவது லேசான வேலை இல்லை. ஆனால் போன மே மாதம் அங்கே நடந்ததை அம்மா சொல்லக் கேட்ட நாளிலிருந்து எனக்கு நித்திரை சரியில்லை.

கேதார்நாத்துக்கு நடைபாதை தொடங்கும் கௌரிகுண்டில் விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்படுவதாகச் சொல்லியிருந்தார்கள். எல்லோரும் தேத்தண்ணி குடித்துச் சேர்ந்து வெளிக்கிட ஒன்பது மணியாகிவிட்டது. அந்தப் பாதையில் உள்ள லிஞ்சோலிக்கு அருகே இரு பக்கமும் ஆளுயரப் பனிச்சுவர், நடுவே வெட்டிவிட்ட ஒற்றைப் பாதை. பிந்தி வருபவர்களுக்காக அந்த இடத்திலேயே குழுவை நிறுத்தினார்கள். நேரம் மத்தியானம் ஒன்றரை, நல்ல வெயில். அம்மாவின் குதிரைக்காரப் பொடியன் மேலே கையைக் காட்டிக் காட்டிக் கத்தியிருக்கிறான். "காசுக்குச் சண்டை பிடிக்கிறான் என்று நினைச்சன் பிள்ளை" என்றார் அம்மா. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அங்கேயே நின்றிருக்கிறார்கள். அவர்கள் நகர்ந்து சிறிது நேரத்தில் பனி இறங்கி அந்தப் பாதையை மூடியது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இரவு கூடாரத்தில், ஹிந்தி தெரிந்த சென்னை அம்மா ஒருவர்தான் அந்தப் பொடியன் என்ன சொன்னான் என்று விளக்கியிருக்கிறார்: "இங்கே நிற்காதீர்கள், வெயில் ஏறிவிட்டது, மேலே இருந்து பனி வரும்."

எச்சரிக்கை இருந்தது. அது தமிழில் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

வசந்த காலத்துப் பனி எப்படிச் சரிகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. இரவில் உறைந்து இறுகும் பனி, வெயில் ஏற ஏற உருகுகிறது. அந்த நீர் உள்ளே இறங்கிப் பனித்துகள்களின் பிடியைத் தளர்த்துகிறது. இரவிலும் உறையாத நாட்களில் காலையிலேயே ஆபத்து. நாம் நிற்கும் இடம் சமதரையாக இருந்தாலும் மேலே செங்குத்தான சரிவு இருந்தால் போதும். சரிந்து வரும் ஈரப்பனி நின்றதும் சீமெந்து மாதிரி இறுகிவிடும். புதைந்தவரைப் பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுக்காவிட்டால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு வேகமாகக் குறைந்துவிடும். மண்வெட்டி ஒன்றுகூட இல்லாத அறுபது வயதுக்காரர்கள் யாரைத் தோண்டி எடுப்பார்கள்?

2023 மே தொடக்கத்தில் பைரவ், குபேர் பனியாறுகளின் பனி கேதார்நாத் பாதையை மறித்து யாத்திரை நின்றது. 2025 பெப்ரவரி 28 அன்று பத்ரிநாத்துக்கு அருகே மாணாவில் 54 வீதித் தொழிலாளர்கள் பனிச்சரிவில் சிக்கி, 8 பேர் இறந்தார்கள். அது வெயில் காலமல்ல, புதுப்பனி கொட்டிய வேளை என்பது உண்மை. ஆனால் மலை அதே மலைதான்.

நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு நாளும் புறப்படும் முன் அன்றைய பனி நிலவரத்தைத் தமிழில் வாசித்துச் சொல்லுங்கள். பனிக்காலத்தில் சண்டிகரில் உள்ள இந்தியப் பாதுகாப்பு அமைச்சின் ஆராய்ச்சி மையம், கேதார்நாத் இருக்கும் ருத்ரபிரயாக், பத்ரிநாத் இருக்கும் சமோலி மாவட்டங்களுக்குப் பனிச்சரிவு அறிவித்தல் வெளியிடுகிறது. யாத்திரை நாட்களில் கௌரிகுண்டுக்குச் சற்று முன்னால் சோன்பிரயாக்கில் நிற்கும் பொலிஸாரையும் மீட்புப் படையினரையும் கேட்டால் சொல்வார்கள். அதைத் தமிழாக்க ஐந்து நிமிடம் போதும். வெயில் ஏறுமுன் பனிப்பகுதியைக் கடக்க வையுங்கள், நடுவில் யாரையும் நிறுத்தாதீர்கள்.

இந்த நாட்டில் எங்களுக்கு இது பழகிப்போன வலி. அறிவித்தல் முதலில் சிங்களத்தில் வரும், தமிழ் பிந்தி வரும், சில வேளை வராமலே போகும். 2004 மார்கழியில் எந்த மொழியிலும் ஒரு சொல் முன்கூட்டி வராமல் சனத்தைக் கடலுக்குக் கொடுத்த ஊர் இது. கிண்ணியாவிலும் மூதூரிலும் கேட்டுப் பாருங்கள். அதையெல்லாம் பார்த்த பிறகும், எங்கள் மொழி பேசும் நீங்களே எங்களிடம் சொல்லாமல் விடுவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். திரும்பவும் தாழ்மையோடு கேட்கிறேன்: புறப்படும் முன் தமிழில் சொல்லுங்கள். போகக்கூடாத நாளென்றால் அதையும் சொல்லுங்கள். ஒரு நாள் பிந்தினால் அறைக்காசை நாங்கள் தருகிறோம்.

அம்மாவும் பெரியம்மாவும் இந்த முறையும் பெயர் கொடுத்திருக்கிறார்கள். கடவுச்சீட்டுப் பிரதிகள் உங்களிடம் இருக்கின்றன. மிச்சக் காசைக் கட்டும் முன் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உப்புவெளியிலிருந்து ஒரு யாத்திரிகரின் மகள்