விழுங்கப்பட்ட முதல் எழுத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கணினிகள் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், டெர்மினல் எமுலேட்டர் என்பது விடி100 திரையைப் (பெரிய கணினியோடு கம்பியால் இணைத்த திரையும் விசைப்பலகையும்) போல நடிக்கும் மென்பொருள், 'அவ்வளவுதான்' என்று ஒரு வரி இருந்தது. அந்த 'அவ்வளவுதான்' எனக்கு உறுத்தியது. நடிப்பு எளிது, திரையை ஆட்டுவிக்கும் எஸ்கேப் குறியீடுகள் விடி100 கையேட்டிலேயே இருந்தன. எங்கள் உயிரை வாங்கியது, எழுத்துகளை ஒவ்வொரு பிட்டாக அனுப்பி வாங்கும் சீரியல் போர்ட்.

1980களில் அலுவலகப் பிசிகளை மினி கணினியோடு (பலர் பகிர்ந்து பயன்படுத்தும் நடுத்தரக் கணினி) இணைக்கும் வேலை எனக்கு. பயாஸின் (பிசியோடு வரும் அடிப்படை நிரல்) 14எச் இன்டரப்டை, அதாவது சீரியல் போர்ட்டைப் படித்துத் தரும் சேவையை, நம்பி ஓர் எமுலேட்டர் எழுதினேன். 300 பாடில் (விநாடிக்கு 300 பிட்) சமர்த்தாக ஓடியது. 1200க்கு ஏற்றியதும், திரை நிரம்பிய பிறகு வரும் ஒவ்வொரு வரியிலும் முதல் ஓரிரு எழுத்துகளைக் காணோம். மூன்று நாள் கேபிளைத் திட்டினேன். 2, 3ஆம் ஊசிகளை மறுபடி பற்றவைத்தேன். பாவம், கேபிள் நிரபராதி.

1200இல் ஓர் எழுத்து வந்துசேர ஏறக்குறைய 8 மில்லிவிநாடி ஆகும். ஐபிஎம் பிசியின் சீரியல் போர்ட்டை நடத்தும் 8250 சில்லு, வந்த எழுத்துகளில் ஒன்றை மட்டுமே கையில் வைத்திருக்கும். அடுத்தது வந்து முடிவதற்குள் எடுக்காவிட்டால் முந்தையது அழிந்துபோகும். திரையை ஒரு வரி மேலே தள்ள அதைவிட அதிக நேரம் பிடித்தது. பயாஸோ, நாம் கேட்டால்தான் எட்டிப்பார்க்கும்.

கடைசியில் பயாஸை ஒதுக்கிவிட்டு, 3எஃப்8 முகவரியில் சில்லோடு நேரடியாகப் பேசினேன். எழுத்து வந்ததும் வன்பொருள் இன்டரப்ட் 4 (ஐஆர்கியூ 4) நிரலைத் தட்டி எழுப்பும். எழுத்தை இடையகத்தில் (நினைவகத்தில் ஒதுக்கிய தற்காலிக இடம்) போட்டுவிட்டுத் திரை வேலைக்குத் திரும்பலாம். இடையகம் நிரம்பப்போனால் எதிர்முனைக்கு, 'நிறுத்து' என்று சொல்லும் ஒரு கன்ட்ரோல்-எஸ். 16 எழுத்துகளைத் தாங்கும் 16550ஏ சில்லு பின்னாளில் வந்தது. எங்களுக்கு அந்தச் சொகுசு இல்லை.

அதே நிரலை எம்எஸ்-டாஸ் இயங்குதளம் ஓடும் வேறொரு கணினியில் போட்டால் ஓர் எழுத்துகூட வரவில்லை. அதில் இருந்தது வேறு சில்லு, வேறு முகவரி. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1981இல் பிறந்த, கோப்புகளைப் பரிமாறும் கெர்மிட் மென்பொருள், இத்தகைய கணினிகளுக்குத் தனித்தனிப் பதிப்புகளாக வெளிவந்தது இதனால்தான். கட்டுரையாளர் கெர்மிட்டைப் பெயருக்குக்கூடக் குறிப்பிடவில்லை.

இன்னொன்று. 'பிசியின் சீரியல் போர்ட்' என்று நீங்கள் போட்டிருக்கும் படத்தில் 25 துளைகள் தெரிகின்றன. அது பிரிண்டருக்கானது. அந்தக் காலப் பிசியின் சீரியல் போர்ட்டில் துளைகள் இருக்காது, ஊசிகள் நீட்டிக்கொண்டிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணினிப் பராமரிப்பாளர் ஒருவர்