ஆழ்துளைக் கிணறுகளுக்கு அனுமதி வழங்கும் நிலத்தடி நீர் நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

விண்ணப்பத்துடன் வரும் நீராய்வு அறிக்கையில் 'நீரின் வயது 5,730 ஆண்டுகள்' என்பதுபோல ஒற்றை எண் இருந்தால், கையொப்பமிடுவதற்கு முன் அது எப்படிக் கிடைத்தது என்று கேட்குமாறு வேண்டுகிறேன்.

மண்ணுக்குள் இறங்கும் மழைநீர் அங்குள்ள கரியமில வாயுவிலிருந்து கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனைப் பெறுகிறது. பின்னர் அது 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. எஞ்சியதை அளந்து, நீர் மண்ணுக்குள் இறங்கி எத்தனை ஆண்டுகள் ஆயின என்ற 'வயதை'க் கணக்கிடுகிறார்கள். கணக்கு எளிது, நீர்தான் எளிதல்ல. சுண்ணாம்புப் பாறையைக் கரைத்தபடி செல்லும் நீர், கார்பன்-14 அறவே தீர்ந்துபோன பழைய கார்பனையும் சேர்த்துக்கொள்கிறது. கரைந்த கார்பனில் பாதி பாறையிலிருந்து வந்ததானால், அண்மையில் இறங்கிய நீர்கூடத் திருத்தம் செய்யாத கணக்கில் ஏறத்தாழ 5,730 வயதைக் காட்டும். கார்பன்-14 தீர்ந்துபோன தொல்நீரும் புதுநீரும் சரிபாதியாகக் கலந்தாலும் அதே எண்தான் வரும். ஆனால் அந்த வயதுள்ள ஒரு துளிகூட அக்கிணற்றில் இருக்காது.

எனவே ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவமான டிரிட்டியத்தையும் அளந்தார்களா என்று பாருங்கள். அணுகுண்டுச் சோதனைகளால் மழைநீரில் பெருகி, 1963 வாக்கில் உச்சத்தைத் தொட்ட இந்த ஐசோடோப்பின் அரை ஆயுட்காலம் (பாதியாகக் குறையும் காலம்) 12.3 ஆண்டுகளே. தொல்நீர் என்று முத்திரை குத்தப்பட்ட மாதிரியில் அது தென்பட்டால், மேலேயுள்ள நீர் ஏதோ ஒரு வழியாகக் கீழே இறங்குகிறது என்று பொருள். அதே வழியில் மாசும் இறங்கும். ஆழ்கிணறுகளில் இத்தகைய கலப்பு அரிதன்று என்பதை 2017இல் வெளியான உலகளாவிய ஆய்வு காட்டியது.

கார்பன்-14 ஏறத்தாழ 40,000 ஆண்டுகளுக்கு அப்பால் உதவாது. அதற்கு மேல் கிரிப்டான்-81 உண்டு. அதன் அரை ஆயுட்காலம் சுமார் 2,29,000 ஆண்டுகள், மந்த வாயு என்பதால் பாறையோடு வினைபுரிவதுமில்லை. எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் நூபிய மணற்கல் படுகையின் நீர் 2 லட்சம் முதல் 10 லட்சம் ஆண்டுகள் பழையது என்று 2004இல் இதைக் கொண்டே கணித்தார்கள். அன்று ஒரு மாதிரிக்குப் பல ஆயிரம் லிட்டர் நீர் வேண்டியிருந்தது. இன்று சில பத்து லிட்டர் போதும். ஆகவே 'இயலாது' என்ற பதிலை இனி எளிதில் ஏற்க வேண்டியதில்லை.

ஆய்வகத்தைவிடக் கிணற்றடியில்தான் பிழை அதிகம் நேர்கிறது என்பது என் கருத்து. குழாயில் தேங்கிய நீர் முழுதும் வெளியேறி, வெப்பநிலையும் மின்கடத்துத்திறனும் மாறாமல் நிலைத்த பிறகே மாதிரி எடுக்க வேண்டும். சிறுகுழாயைப் புட்டியின் அடிவரை விட்டு, நீர் வழிந்தோட நிரப்பி, குமிழி ஏதுமின்றி மூட வேண்டும். உள்ளே சிக்கும் காற்று இன்றைய கார்பனையும் கிரிப்டானையும் கொண்டுவந்து தொல்நீரை இளமையாக்கிவிடும்.

எந்தெந்த ஐசோடோப்புகள் அளக்கப்பட்டன, பாறைக் கார்பனுக்கு என்ன திருத்தம் செய்யப்பட்டது, துளையிட்ட குழாய் எந்த ஆழங்களிலிருந்து நீரை உள்வாங்குகிறது, புதுநீரின் பங்கு எவ்வளவு என்ற விவரங்கள் இல்லாத அறிக்கையைத் திருப்பி அனுப்ப விதிகளில் இடம் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நிலத்தடி நீராய்வில் ஈடுபட்டுள்ள ஒருவர்